சங்கிலிக்காரர் வீட்டு நிச்சயம்

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் மளிகைக்கடை சிவப்பிரகாசம் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சங்கிலிக்காரர் என்று கேளுங்கள், கடைவாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். கடைக்கு அடுத்தாற்போல் அவருக்குக் கொஞ்சம் காலி இடம். அதை ஒட்டிச் சினிமா கொட்டகை. கண்டவனெல்லாம் தன் இடத்தில் சைக்கிளைச் சாத்தினால் மனுஷனுக்கு எரியாதா? சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, சாவியோடு சாப்பிடப் போய்விடுவார். சைக்கிள்காரன் ஷிப்டுக்குக் கால்நடையாக ஓடுவான். அதற்குள் ஆட்களை ஏற்றிய கேஜ் கூண்டு சுரங்கத்தில் இறங்கியிருக்கும், அன்றைய வேலை போச்சு.

புகார் மேல் புகார் போய், அறுபத்து நாலாம் வருஷம் நகர ஆபீசில் விதி போட்டார்கள். சொந்த இடத்தில் நிற்கும் வண்டிக்குச் சங்கிலி போடலாம். ஆனால் சுவரில் அறிவிப்புப் பலகை இருக்கவேண்டும். பூட்டியவர் அங்கேயே இருந்து, வண்டிக்காரர் வந்த பிறகு அவர் எதிரில்தான் திறக்கவேண்டும். வேறு ஆளாக இருந்தால் சனியன் தொலைந்தது என்று சங்கிலியை எறிந்திருப்பார். இவர் பலகை எழுதி மாட்டி, உட்கார ஒரு முக்காலியும் வாங்கிப் போட்டார்.

மகள் சௌந்தரத்துக்கு நிச்சயதார்த்தம் வந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண். இதுவாவது கூடிவரவேண்டுமே என்று வீடே வேண்டிக்கொண்டிருந்தது. அன்று காலை கற்கண்டு எடுக்கக் கடைக்கு வந்தவர் கண்ணில் ஒரு சைக்கிள் பட்டது. கை சும்மா இருக்குமா? பூட்டிவிட்டார். பூட்டி, உள்ளே போய்க் கற்கண்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் விதி ஞாபகம் வந்தது. முக்காலியில் உட்கார்ந்தார்.

மணி பதினொன்றரை. பன்னிரண்டோடு நல்ல நேரம் முடிகிறது. மனைவி ரத்தினம்மா மூச்சிரைக்க வந்தாள்.

"இன்னாங்க, இங்க குந்திக்கினு இருக்கீங்க? சம்பந்தி வந்தாச்சு. பாவம், பூ வாங்க பஜார்ல எறங்கினாராம். எவனோ கட்டையில போறவன் அவரு சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுட்டானாம். நல்ல நாள்ல சண்டை எதுக்குன்னு நடந்தே வந்துட்டாரு."

சிவப்பிரகாசம் முக்காலியை விட்டு எழுந்தார். "எந்த எடத்துல?"

"சினிமா கொட்டாய்" என்று தொடங்கியவள், அவர் காலடியில் இருந்த சைக்கிளைப் பார்த்தாள். "அடப்பாவி மனுஷா! தொறந்து தள்ளிக்கினு வாங்க. வழியில கெடந்துதுன்னு சொல்லிக்கலாம்."

சொல்லிவிடலாம்தான். சாவி பூட்டு வரைக்கும் போயிற்று. "அவரு எதிர்லதான் தொறக்கணும் ரத்தினம். போய்க் கூட்டிக்கினு வா" என்றார். பெண்ணின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

சம்பந்தி ஆறுமுகம் மாரிகுப்பம் சுரங்கத்தில் டைம்கீப்பர். ஒரு நிமிஷம் பிந்தி வந்தவனையும் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறவர். இதுவரை பெண் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. இப்போது உறவுக்கூட்டம் பின்தொடர வந்து, சைக்கிளைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"நான்தாங்க. விதிப்படி உங்க எதிர்ல தொறக்கணும்னு காத்துக்கினு இருந்தேன்."

"விதிப்படி பலகை இருக்கணுமே. எங்க?"

சிவப்பிரகாசம் சுவரைப் பார்த்தார். வெறும் ஆணி இருந்தது. ரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் மணை ஒன்று குறைந்ததென்று விடியற்காலையில் அவள்தான் அதைக் கழற்றிப்போய், எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துக் கோலம் போட்டிருந்தாள். இத்தனை நேரம் ஆறுமுகம் உட்கார்ந்திருந்தது அதன்மேல்தான்.

"அப்ப தப்பு என் பேர்லதாங்க" என்று சிவப்பிரகாசம் கைகூப்பினார். கண் கலங்கிவிட்டது. "என்னை எது வேணா சொல்லுங்க. பொண்ணை வேணாம்னுடாதீங்க."

ஆறுமுகம் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"தட்டை இங்கயே கொண்டாங்க, மாத்திக்கலாம்" என்றார். "யாரும் பாக்காதப்போ அவுத்து வுட்டிருக்கலாம், நீங்க வுடல. இந்த வூட்டுப் பொண்ணை நான் நம்புவேன். ஆனா சீர்வரிசையில அந்தச் சங்கிலி மட்டும் வேணாம்."

தட்டு மாற்றி முடிந்தபோது பன்னிரண்டாக ஒரு நிமிஷம். அதற்குப் பிறகுதான் சைக்கிளைத் திறந்தார்கள்.