பையில் வைத்த பனியன் துணி

அலமாரியின் கீழ்த்தட்டில் வெள்ளை பனியன் வேஸ்ட் துணி ஒரு கட்டு இருக்கிறது. சதுரமாக வெட்டி, மடித்து, நூலால் கட்டியது நான்தான். வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் எனக்கு இருபது வருட வேலை. எங்கள் பக்கம் வண்டி, கண்ணாடி, அடுப்பு எல்லாவற்றையும் துடைப்பது இந்தத் துணியால்தான். ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் மகள் விடுதிக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் பைக்குள் ஒரு கட்டைத் திணித்துவிடுவேன். "அங்க கடையில துணியே விக்காதுங்களா?" என்று சிரிப்பாள். "இத்தனை மெத்துனு கெடைக்காது கண்ணு" என்பேன்.

ஒளிரும் சாயம் ஏற்றிய எலி ஈரல் துண்டை நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படம் எடுப்பது அவள் வேலை. ஓர் அடுக்கை எடுத்தால் மேலும் கீழுமுள்ள அடுக்குகளின் வெளிச்சமும் அதில் கலந்து மங்கிவிடுமாம். "ஒரு சின்னப் புள்ளி எப்படிப் பரவித் தெரியுதுன்னு மொதல்ல அளந்துக்குவோமுங்கப்பா. அதை வெச்சு, பரவுன வெளிச்சத்தையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அதனதன் எடத்துக்கே திருப்பி அனுப்பிரும்" என்றாள். கசிந்த சாயத்தை நூலுக்குள் திருப்பி அனுப்ப எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு வழி கிடைத்ததில்லை. கேட்கப் பொறாமையாக இருந்தது.

சென்ற பொங்கல் விடுமுறையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். திசுவின் ஊடே மங்கலாக நீலக் கோடுகள். ஏழெட்டு மாத உழைப்பு. "இப்படி ஒண்ணைப் பத்தி யாருமே எழுதலீங்கப்பா. கணக்கு முடிஞ்ச படத்தைப் பாருங்க." கோடுகள் கூர்மையாயின. தட்டையான நாடா, அங்கங்கே முறுக்கு. நான் தினமும் லென்ஸில் பார்க்கும் பஞ்சு இழை. வெளுப்பைக் கூட்ட நாங்கள் துணியில் ஏற்றும் மருந்து, புற ஊதா வெளிச்சத்தில் இப்படித்தான் நீலமாக ஒளிரும். அந்த விளக்கு வைத்த சோதனைப் பெட்டியில் அதைப் பார்த்த பிறகே துணியை வெளியே அனுப்புகிறேன். அந்தத் துணியைத்தான் அவளுக்கும் கொடுத்திருந்தேன்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணமே, "ஈரல் துண்டை வெக்கற கண்ணாடியை எதுல தொடைப்பே கண்ணு?" என்று கேட்டேன். "நீங்க குடுத்த துணியிலதானுங்க" என்றவளிடம் வெளுப்பு மருந்தைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அந்த மருந்து ஒளிரும்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்கப்பா." அவ்வளவுதான் சொன்னாள். மறுநாளே பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். கருத்தரங்குக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்போது முதலிலிருந்து படம் எடுக்கிறாள். உதவித்தொகைக் காலம் முடிவதற்குள் ஆகுமா என்று தெரியவில்லை. படம் மங்கலாகவே இருந்திருந்தால் நானும் கண்டிருக்க மாட்டேன் என்று அந்தக் கணக்கின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அது ஒரு தப்பும் செய்யவில்லை என்பதில் இன்னும் கோபம்.

போன வாரம் அவள் கிளம்பும்போது பழக்கத்தில் என் கை ஒரு கட்டை எடுத்துவிட்டது. அப்படியே நின்றேன். "வையுங்கப்பா, சைக்கிள் தொடைக்க ஆகும்" என்று பையை விரித்துப் பிடித்தாள். என்னால் வைக்க முடியவில்லை. அவள் போனதும் அலமாரியில் திருப்பி வைத்தேன். அதே சட்டையோடு பட்டறைக்குப் போய்ச் சோதனைப் பெட்டிக்குள் கையை விட்டபோது, சட்டைக்கை முழுக்க நீலத் துகள்கள். தட்டத் தட்ட அங்கேயே இருந்தன.