பெயர் வராத கங்காணி

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். காலையில் ஆட்கள் வரிசையாக நிற்கும் பெரட்டில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கங்காணி முனியாண்டியின் வேலை. சில மாதங்களாக அவருக்குப் பெயர்கள் வரவில்லை. "ஏ... அங்க நிக்கிற அது!" என்பார்.

"சம்சு ஏறிப்போச்சு லா!" என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சிரித்தார்கள். நானும் அது சாராயத்தின் வேலைதான் என்று நம்பினேன். ஜப்பானிய அதிகாரியோ, வேலைக்குப் பயந்து நடிக்கிறார் என்று அவரைச் சயாமில் ரயில்பாதை போட அனுப்பச் சொல்லிவிட்டான். எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே போன ஒருவரும் திரும்பியதில்லை.

அனுப்புமுன் ஆட்களைச் சோதிக்க ஒரு ஜப்பானிய ராணுவ டாக்டர் வந்தார். மேசையில் சாவி, தீப்பெட்டி, சீப்பு என்று மூன்று பொருள்களை வைத்து மலாயில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: "கங்காணி, இதுங்க பேரு என்னா?"

கங்காணி சீப்பை எடுத்தார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. சட்டென்று எட்டி டாக்டரின் மொட்டைத் தலையை வாரிவிட்டார்.

"ஐயோ, தொலஞ்சோம்!" என்றேன். டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எதற்கென்று தெரிகிறது, பெயர்தான் வரவில்லை. நடிப்பில்லை, குடியுமில்லை. மூளையில் பேச்சுக்குரிய இடம் தேய்கிறது. இன்னும் தேயும், மருந்தில்லை. என் தகப்பனாருக்கும் இப்படித்தான்" என்றார். சயாமுக்கு அனுப்ப வேண்டாமென்று அதிகாரியிடமும் சொல்லிவிட்டார்.

டாக்டர் சொன்னதை லயத்தில் சொன்னேன். மறுநாள் பெரட்டில் கங்காணி வாய் திறக்குமுன், "அஞ்சலை வந்திருக்கேன் கங்காணி!" என்றாள் முன்வரிசைப் பெண். அடுத்தடுத்து எல்லோரும் தங்கள் பெயரைச் சொன்னார்கள். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

இந்த வயதில் எனக்கும் பெயர்கள் தடுமாறுகின்றன. கவலைதான். ஆனாலும் எதிரில் நிற்பவர் தம் பெயரை முதலில் சொல்லிவிட்டால் போதும், அன்றைய பொழுது நன்றாகவே போகிறது.