செல்லி என்ற பெயரை நான் எழுதிக் கொடுக்கவில்லை

"செல்போன்ல துப்பாக்கி சுடுறதுக்கு எவன்மா மாசச் சம்பளம் குடுப்பான்? அப்படியே குடுத்தாலும் எத்தனை நாளைக்குக் குடுப்பான்?"

என் சித்தப்பா இதைக் கேட்டது போன மாசி மாதம், எங்கள் வீட்டு வாசலில், பைக்கை விட்டு இறங்காமலே. முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு இல்லை. அந்த இரண்டாவது கேள்விதான் அடுத்த இரண்டு வாரம் என்னை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஊர்ச் செல்லியம்மன் எனக்கு எப்படித் துணை நின்றாள் என்று சொல்லத்தான், அவளைக் கும்பிடுகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

ரஞ்சன்குடிக் கோட்டை மேல் நின்றால் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரியும். அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வாரம் ஒரு முறை வருவார். அம்மா குத்தகைக் காட்டில் சின்ன வெங்காயம் போடுகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெரம்பலூரில் பி.சி.ஏ. படித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, பெருமைதான். எங்கள் தெருவுக்கு எந்தக் கடிதம் வந்தாலும், ஆஸ்பத்திரிச் சீட்டோ பேங்க் நோட்டீஸோ, என்னிடம்தான் வரும். நான் படித்துச் சொல்வேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில்தான் அந்தச் செல்போன் துப்பாக்கி விளையாட்டு எனக்கு அறிமுகமானது. ஐந்து பேர் ஓர் அணி. எதிரணி எங்கே ஒளிந்திருக்கும், எப்போது பாய வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்று மற்ற நால்வருக்கும் குரல் கொடுப்பது என் வேலை. களத்தில் இறங்கும் முன் அம்மன் பெயரைச் சொல்லிக்கொள்வேன். அதையே ஆட்டப் பெயராகவும் வைத்துக்கொண்டேன். செல்லி. எங்கோ இருக்கிற முகம் தெரியாத பெண்கள்கூட, "செல்லி சொன்னா நில்லு, செல்லி சொன்னா ஓடு" என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் வளர்ந்தது.

படிப்பு முடிந்த மறு வருடம், சென்னையில் ஒரு பெண்கள் அணியை நடத்துகிறவர்கள் ஆன்லைன் போட்டியில் என்னைப் பார்த்துவிட்டு அழைத்தார்கள். அவர்களே வீடு எடுத்துத் தங்கவைப்பார்கள். தினமும் பயிற்சி, மாதச் சம்பளம். பத்தொன்பது பக்க ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தது. இரண்டு வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார்கள்.

அதே வாரம் சித்தப்பாவும் ஒரு வேலையோடு வந்தார். ஆலத்தியூர்ப் பக்கம் லாரி கான்ட்ராக்டர் ஒருவரின் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. சித்தப்பா அங்கேதான் சூப்பர்வைசர். "நான் சொல்லி வச்சிருக்கேன். பங்குனி ஒண்ணாம் தேதி வந்து உக்கார வேண்டியதுதான்" என்றார். நான் சென்னை விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

"ரம்மி மாதிரி காசு கட்டி ஆடுற ஆட்டமா?" என்று அம்மாவும் பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லம்மா. இது கபடி மாதிரி. டீம் வச்சு ஆடுறது."

"கபடி ஆடுனவன் எல்லாம் முட்டியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு சித்தப்பா வண்டியைக் கிளப்பினார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததற்குக் காரணம், அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான். என் வலது கட்டைவிரலில் ஆறு மாதமாக ஒரு வலி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இந்த விளையாட்டில் இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் குறைவு. ஒரு நாள் காலையில் அந்த விளையாட்டுக்கே தடை வந்தால் என் திறமை எல்லாம் என்ன ஆகும்? மைக்கில் பெண் குரல் கேட்டாலே காது கூசப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையெல்லாம் தினமும் கேட்டுக்கொண்டே எத்தனை வருடம் ஆடுவேன்? ஆனால் நான்கு பேரை வழிநடத்தி ஜெயிக்கும்போது எனக்குள் ஏற்படுகிற தெளிவு, வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆலத்தியூர் ஆபீஸில் லாரி எண்களைத் தட்டிக்கொண்டு அந்தத் தெளிவை மறந்துவிட முடியுமா? காலையில் போவதாக முடிவெடுப்பேன். மதியம் மாற்றுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாதான், "வா, பூ கேட்டுருவோம்" என்று கோயிலுக்கு அழைத்துப் போனார். எங்கள் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் பூ வைப்பார். நினைத்ததை மனதுக்குள் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் இல்லை.

நான் கண்ணை மூடி, "தாயே, நான் சென்னைக்குப் போகட்டுமா?" என்று கேட்டேன். கால் மரத்துப்போகும்வரை நின்றோம். வலப்பக்கப் பூ விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அம்மா மெதுவாகக் கேட்டார். "ஏன்டி, பூ நீ கேட்டதுக்கு விழுந்துச்சா, நான் கேட்டதுக்கு விழுந்துச்சா?"

"நீயும் கேட்டியா?"

"பின்ன, சும்மாவா நின்னேன்?"

"என்னம்மா கேட்ட?"

"அதைச் சொன்னா பலிக்காது. பேசாம வா."

என் தலையில் யாரோ தண்ணீரை ஊற்றியது போல இருந்தது. என்ன கேட்டிருப்பார்? ஆலத்தியூர் வேலை கிடைக்க வேண்டும் என்றுதானே? அப்படியானால் விழுந்த பூ யாருக்கு? திரும்பி ஓடிப்போய்ப் பூசாரியிடமே கேட்டேன்.

"ஒரு பூவுக்கு ரெண்டு கேள்வியா? அம்மனுக்கு என்ன ரெண்டு வாயா இருக்கு?" என்று சிரித்தார். "ஆயியும் மவளும் வூட்டுலயே ஒண்ணாப் பேசிட்டு வந்திருக்கலாம்ல? இனி பௌர்ணமி கழிச்சுத்தான் கேக்க முடியும்."

பௌர்ணமிக்கு முன்பே எனக்குக் கெடு முடிந்துவிடும்.

அடுத்த நாட்களில் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. பயிற்சி ஆட்டத்தில் தப்புத் தப்பாகக் குரல் கொடுத்தேன். மூன்று ஆட்டம் தோற்றோம். ஞாயிற்றுக்கிழமை வந்த அப்பா, "உங்கம்மாவும் நீயும் என்ன முடிவு பண்ணுனாலும் சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி லாரி ஏறப் போய்விட்டார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பெயர் எழுத வேண்டிய கோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிறகு மூடிவிடுவேன்.

திங்கட்கிழமை காலை தனியாகக் கோயிலுக்குப் போனேன். நடை திறக்கவில்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டே வேண்டினேன். "தாயே, போகச் சொல்றியா, இருக்கச் சொல்றியான்னு இனிமே கேக்கல. நான் எதையோ பாக்காம விட்டுட்டேன். அது என்னன்னு மட்டும் காட்டிரு."

ஏன் அப்படி வேண்டினேன் என்று எனக்கே தெரியாது. அந்த வார்த்தை என் வாயில் வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் அம்மா, வெங்காயத்தைக் காற்றாடச் சேர்த்து வைக்கிற பட்டறையில் உட்கார்ந்து, விதைக்கு வைத்திருந்த வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"ஏன்டி குட்டி போட்ட பூனையாட்டம் அலையுற? உக்காரு. அந்தக் காயிதத்தை எடுத்துப் படி."

"எந்தக் காயிதம்?"

"அந்த மெட்ராஸ்காரவுங்க அனுப்புனது. ஊரான் வூட்டுக் காயிதத்தை எல்லாம் படிச்சுச் சொல்ற. நம்ம வூட்டுக் காயிதத்துல என்ன இருக்குன்னு எனக்கு ஒருநாளும் சொல்லல."

வாயைத் திறந்த எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்குச் சொல்லவில்லை என்பது மட்டும் இல்லை. நானே அதை முழுதாகப் படிக்கவில்லை. சம்பளப் பக்கத்தைப் பார்த்தேன், கையெழுத்துப் பக்கத்தைப் பார்த்தேன், நடுவில் இருந்ததைக் கண்ணால் ஓட்டிவிட்டேன். தெருவுக்கே படித்துச் சொல்கிறவள் நான்!

உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொன்னேன். அம்மா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஏழாம் பக்கத்தில் கையை நிறுத்தினார்.

"அதை மறுபடி சொல்லு."

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நானா விலகுனா, தங்குனது, சாப்பிட்டது, பயிற்சி குடுத்தது எல்லாத்துக்கும் செலவைத் திருப்பிக் குடுக்கணும்."

"எவ்ளோ?"

"அதை அவங்களே முடிவு பண்ணுவாங்கன்னு போட்டிருக்கு."

"நல்லா இருக்கே! ஏவாரி தராசையும் அவனே புடிச்சு, எடைக்கல்லையும் அவனே வச்சுக்கிறாப்புல. மேல படி."

பதினோராம் பக்கத்தில், கையில் அடிபட்டோ வலி வந்தோ ஆட முடியாமல் போனால் அன்றே ஒப்பந்தம் முடிந்தது என்று இருந்தது. படிக்கும்போது என் குரல் இறங்கியது. அம்மா என் கையை எடுத்துக் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். "இதை நீ மறைக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார்.

பதினான்காம் பக்கம். என் ஆட்டப் பெயரும் அந்தப் பெயரில் வருகிற எல்லாமும் என்றைக்கும் அவர்களுக்கே சொந்தம். நான் விலகினாலும் அந்தப் பெயரில் நான் ஆடக் கூடாது.

அம்மா நிமிர்ந்தார். "எந்தப் பேரு?"

"செல்லி."

சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அம்மன் பேரையே எழுதி வாங்கிக்குவாங்களாமா? அவகிட்ட யாரு கேட்டது?"

நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. நேற்றுதான் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, நான் பார்க்காமல் விட்டதைக் காட்டு என்று கேட்டேன். அவள் தன் பெயரையே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டாள். எழுத்துத் தெரியாத என் அம்மாவின் வாயால் என்னைப் படிக்க வைத்துவிட்டாள். எனக்கு வேண்டியிருந்தது உத்தரவு இல்லை, நிதானம். போகிறதா இருக்கிறதா என்று ஓடிக்கொண்டே இருந்த நான், எந்த வழியில் போவது என்று கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலமே அணியை நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். மூன்று இடங்களை மாற்றித் தரும்படி கேட்டேன். முதலில் ஆறு மாதம் மட்டும் ஆடிப் பார்க்கிறேன் என்றும் எழுதினேன். அனுப்பிய பிறகு பயம் வந்தது. இவள் வேண்டாம் என்று விட்டுவிட்டால்? அந்த மூன்று நாளும் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் முன்பு போல அலையவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த அணியின் மேனேஜர் அக்கா போன் செய்தார். "இவ்வளவு விவரமா யாரும் கேட்டதில்ல. யாரும்மா உன் வக்கீல்?"

"எங்கம்மா."

"என்ன படிச்சிருக்காங்க?"

"படிக்கலைங்க. வெங்காயம் போடுறாங்க."

அவரும் சிரித்துவிட்டார். பெயர் எனக்கே என்றார்கள். செலவைத் திருப்பிக் கேட்கும் பகுதியை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம், பிறகு இரண்டு பக்கமும் யோசிக்கலாம். கைவலிக்கு வைத்தியம் பார்க்கிறோம், ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆட முடியாவிட்டால் வேறு ஆளை எடுப்போம் என்றார்கள். அது நியாயமாகப் பட்டது. ஒத்துக்கொண்டேன்.

போனை வைத்ததும் அம்மாவிடம் கேட்டேன். "இப்பவாவது சொல்லும்மா. அன்னைக்கு என்ன கேட்ட?"

"பலிச்சதைச் சொன்னா தப்பில்ல. புள்ள எங்க போனாலும் ஏமாறாம இருக்கணும், அதுக்கு நீ பொறுப்பான்னு கேட்டேன்."

ஆலத்தியூர் என்ற பெயரே அவர் வேண்டுதலில் இல்லை. ஒரு வாரம் முழுக்க அவரைத் தப்பாக நினைத்திருந்தேன்.

எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆலத்தியூர் ஆபீஸுக்கு நானே நேரில் போய், வேலைக்கு வரவில்லை என்று சொன்னேன். அந்த இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டார். சித்தப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. எத்தனை நாளைக்கு என்ற அவர் கேள்விக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு. அதற்கு அப்புறம் தெரியாது. ஆனால் அவள் காட்டுவாள் என்று இருக்கிறேன். நீங்களும் ஒரு முடிவு எடுக்க முடியாமல் தவித்தால், அவளிடம் ஆமாவா இல்லையா என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். நான் பார்க்காததைக் காட்டு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் யார் வாயால் பேசினாலும் காது கொடுங்கள்.

திருத்திய ஒப்பந்தம் நேற்று வந்தது. இன்று காலை பட்டறையில் உட்கார்ந்து, பத்தொன்பது பக்கத்தையும் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பெரம்பலூர் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது அம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.