கோர்த்தே என்றால் வெட்டு

அசார்ட்டிங் ரூமுக்குள் கத்தி கொண்டுவந்தவனை எங்கள் முதலாளி வேலையை விட்டே நிறுத்திவிடுவார். அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் நான் அசார்ட்டர். ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறிப் பதமாகி வரும் ஆட்டுத்தோலைக் கையால் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. தோலில் கத்தி பட்ட குறைக்கு ‘வெட்டு’ என்று பெயர். ஒரு வெட்டு இருந்தாலும் தோல் ஒரு கிரேடு இறங்கிவிடும்.

அந்த வருடம் வெளிநாட்டுக்குப் போன சரக்கு, உள்ளே பதம் இறங்காமல் பச்சையாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. அடுத்த ஆர்டர் கிடைக்காவிட்டால் தொட்டிகளைக் காயப்போட்டு எங்களை வீட்டுக்கு அனுப்புவதாக முதலாளி சொல்லிவிட்டார். அப்போதுதான் ஸ்பெயினிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் நன்றாகவே பேசிக்கொண்டோம்.

முதல் நாள் ஒரு தோலில் இருந்த குறையைத் தொட்டு, "கோர்த்தே" என்றார்.

"வெட்டு" என்றேன் நான்.

"பெட்டு" என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் அவருக்குக் காட்ட ஒரு தோல்கட்டைப் பிரித்தோம். பளபளப்பான தோலைக் கட்டின் மேலே வைப்பது எங்கள் வழக்கம். தொட்டியிலிருந்து அவசரமாக எடுத்த தோல்களை, நிறம் எடுப்பாக இருக்கிறதென்று முதலாளியே மேலே அடுக்கச் சொல்லியிருந்தார். ஸ்பெயின்காரர் மேல்தோலைப் புரட்டிப் பார்த்தார். பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து என்னிடம் நீட்டி, "கோர்த்தே" என்றார்.

"எங்கலே இருக்கு வெட்டு? நான் பாத்தப்ப இல்லையே!" முதலாளி பதறினார்.

"குறை சொல்லல மொதலாளி, அறுத்துக் காட்டச் சொல்றாரு. நம்ம வெட்டு மாதிரிதான் அவுக சொல்லும். குறைக்கும் அதுதான் பேரு, வேலைக்கும் அதுதான் பேரு."

"ஏலே, தோல்ல கத்தி பட்டுச்சு, நாளைக்கு இந்தப் பக்கம் வராத!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெட்டாவிட்டால் இந்த ஆள் கிளம்பிவிடுவார், அப்புறம் நாளைக்கு யாருக்கு வேலை? கட்டின் நடுவிலிருந்து மங்கலான தோல் ஒன்றை உருவினேன். கழுத்துப் பக்கம்தான் தோல் தடிமன். பதம் கடைசியாக இறங்குவதும் அங்கேதான். அங்கே கத்தியை வைத்து ஒரே இழுப்பு. உள்ளும் வெளியும் ஒரே நிறம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பச்சைத் தோலை மறைத்து அனுப்பினால் சரக்கு மறுபடி திரும்பும். மேல்தோலையும் வெட்டினேன். நடுவில் பதம் இறங்காத வெள்ளைக் கோடு ஓடியது.

"திஸ் நோ. தட் எஸ்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். ஸ்பெயின்காரர் இரண்டு வெட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மங்கல் தோல் அடுக்கின் மேல் கையை ஊன்றி, "எஸ், எஸ்" என்றார். அப்போதுதான் முதலாளிக்கு மூச்சு வந்தது.

"மேல கெடக்கிறத மறுபடி தொட்டியில போடுங்கலே. நல்லா ஊறட்டும்" என்றார். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று ஷாப்பில் கதை கட்டிவிட்டார்கள். தெரிந்தது ஒரே ஒரு சொல். ஆனால் அந்தக் கட்டில் எது பதமான தோல், எது பச்சை என்று எனக்கு நன்றாகத் தெரியும். துணிந்து வெட்டியது அதனால்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் சரக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். வெட்டிக் காட்டச் சொல்கிறவனைப் பார்த்துப் பயம் வராது.