அழுக்கு மேஜை அக்காவின் இரண்டு கட்டுரைகள்

எனக்கு அந்த வகுப்பை நினைத்தாலே குமட்டும். அவரவர் துறையின் பதவி உயர்வுத் தேர்வில் கட்டுரைத் தாளில் கோட்டை விட்ட பன்னிரண்டு பேர், சனிக்கிழமை மாலைகளில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். எழுதியதைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துக் கருத்து வாங்க வேண்டும் என்பது வாத்தியாரின் ஏற்பாடு. ஆளாளுக்கு 'நல்லா இருக்கு' என்று எழுதித் தள்ளுவார்கள், படித்துக்கூடப் பார்க்காமல். ஒருவர் முதுகை ஒருவர் சொறிய வகுப்பு எதற்கு?

நான் பஸ் கண்டக்டர். படிக்கும்போது எந்த வரியில் அலுப்புத் தட்டுகிறதோ அங்கே கோடு போட்டு, 'இங்கேயே இறங்கிட்டேன்' என்று எழுதிவிடுவேன். அதனால் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், ஆஸ்பத்திரி அக்காவைத் தவிர.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் வாந்தியும் மலமும் ஒட்டிய விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்து மெஷினுக்கு அனுப்பும் மேஜையில் பதினெட்டு வருடம். மருந்துத் தண்ணீர் பட்டுப்பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். தேறினால் மேற்பார்வையாளர் ஆகலாம், அந்த மேஜையை விட்டு விலகலாம். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தலைப்பு 'தூய்மை'. 'தூய்மை என்பது மானிட வாழ்வின் ஒளிவிளக்கு' என்று ஆரம்பித்திருந்தார். முதல் வரியிலேயே கோடு போட்டேன்.

"ஏன் தம்பி, நோட்ஸ்ல அப்படித்தானே இருக்கு?"

"உங்க வேலையக் கேட்டாலே எனக்கு வயித்தப் புரட்டுது. நீங்க என்னடான்னா விளக்கு ஏத்துறீங்க! உங்க மேஜையில நடந்தத எழுதுங்கக்கா."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. ஆனால் அடுத்த வாரம் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்.

ஒருநாள் ஒரு விரிப்பு சொல்ல முடியாத அளவுக்கு நாறியிருக்கிறது. அருவருப்பில் உதறாமலே சுருட்டி மெஷினுக்குள் தள்ளிவிட்டார். துவைத்து விரிப்பு வெளியே வந்தபோது அதற்குள் ஒரு பல்செட், இரண்டு துண்டாக. மறுநாள் வார்டிலிருந்து ஒரு பெரியவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்து, துணியோடு தன் பல் வந்ததா என்று கேட்டார். 'வரல' என்றார் அக்கா. மூன்று நாள் வந்தார், மூன்று நாளும் அதே பதில். பல் அக்காவின் பையிலேயே இருந்தது. பிறகு குப்பையில் போட்டுவிட்டார்.

'அந்தத் துணியைவிட அன்று நான்தான் அதிகம் நாறினேன்' என்று முடித்திருந்தார்.

எங்கேயும் கோடு போட முடியவில்லை. பிறகு என் பாழாய்ப்போன புத்தி விழித்துக்கொண்டது.

"அக்கா, பரீட்சையில இத எழுதிடாதீங்க. திருத்துறது உங்க ஆபீஸ் ஆளுங்க. வேலைக்கே வேட்டு வெச்சிருவாங்க."

"அப்ப என்னத்த எழுத?"

"அந்த விளக்கையே ஏத்துங்க."

அக்கா தேறிவிட்டார். எனக்கு வழக்கம்போல ஊத்திக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து என் பஸ்ஸில் ஏறினார். விரல்கள் ஆறியிருந்தன. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"பரீட்சையில எழுதினத அப்படியே ஞாபகம் வெச்சு எழுதியிருக்கேன் தம்பி. எங்க இறங்குறீங்கன்னு பாருங்க."

அதே ஒளிவிளக்கு. முதல் வரியிலேயே வாய் கசந்தது. ஆனாலும் கடைசி வரை படித்தேன். பேனா காதிலேயே இருந்தது.

"நல்லா இருக்குக்கா," என்றேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அக்கா தாளை வாங்கி நான்காக மடித்தார்.

"அந்தப் பெரியவர்கிட்ட 'வரல'ன்னு சொன்னப்ப, நானும் இப்படித்தான் தம்பி வேற எங்கயோ பாத்துக்கிட்டிருந்தேன்."