இரண்டு விரலில் பிடித்த போன்

தங்கை மகளின் கல்யாணப் புடவைக்கு இளம் ரோஜா நிறம் சொல்லியிருந்தோம். ஆரணிப் பட்டுக்கடையில் முதலாளி எதிரே நான் உட்கார்ந்திருந்தபோது அந்தப் புடவை நூலுக்குச் சாயம் தோய்க்கும் சாயக்காரர் வந்தார். முழங்கை வரை சிவந்த கைகள். ஒன்றில் சொட்டச் சொட்டப் பட்டு நூல். மற்றதில், சாயம் படாத இரண்டு விரல் நுனியில் பிடித்த போன்.

“இன்னாய்யா, பீட்ரூட் மாதிரி கீது? வீடியோ கால்ல நான் பார்த்து சரின்னு சொன்னப்புறம்தானே தொட்டியிலிருந்து தூக்கணும்?” என்றார் முதலாளி.

“கால் போட போன் உயிரோட இருக்கணுமே! கலர் தெளிவா தெரியலன்னு நேத்து என் போனை வாங்கி ஃபைவ் ஜி போட்டு உட்டது யாருங்க? நான்னா பேசறப்ப மட்டும் அதைப் போட்டு, உடனே ஆஃப் பண்ணிடுவேன். நீங்க அப்படியே உட்டுட்டீங்க. இன்னிக்கு ஷெட்டுல டவரைத் தேடிகினே சார்ஜ் பூரா தின்னுடுச்சு. சார்ஜர் தேடி ஓடறதுக்குள்ள நூலு கறுத்துப்போச்சு.”

“நீயே தூக்கியிருக்கலாமே?”

“போன தபா நானே தூக்கினதுக்கு, வெளுத்துகினு கீதுன்னு திருப்பி அனுப்பினீங்களே!”

“ஃபைவ் ஜி போட்டாத்தானே படம் கிளியரா...” என்று முதலாளி இழுத்தார்.

சாயக்காரர் ஈர நூலை அவருடைய வெள்ளைச் சட்டைமேல் வைத்து அழுத்தினார்.

“இப்ப கிளியரா கீதா?”

பிறகு சாயக்காரர் முதலாளியின் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டு, தன்னுடையதைச் சொருகினார். உயிர் வந்ததும் முதல் வேலையாக ஃபைவ் ஜியை அணைத்தார்.

போன் சூடாகிச் சார்ஜ் இறங்கும்போதெல்லாம் ‘இப்ப கிளியரா கீதா’ என்று இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் சிரிப்பாக இல்லை. அத்தனை கோபத்திலும் அவர் போனில் ஒரு சொட்டுச் சாயம்கூடப் பட்டிருக்கவில்லை.