உப்பளத்தில் போட்ட இலை

நம்பாதவர்கள் இங்கேயே பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு வருத்தமில்லை. செத்துப்போனவன் என் மனைவியின் தம்பி. அவன் சாவை வைத்துக் கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

2005 ஆகஸ்ட். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ராயபுரத்திலிருந்து சைக்கிளில் கிளம்பினோம். பதினாலு பேர். காவி உடை, ஹேண்டில்பாரில் சின்னக் கொடி, சமையல் சாமான் ஏற்றிய ஒரு வேன். எனக்கு அது ஆறாவது வருடம். என் மைத்துனன் சிலுவைமுத்துவுக்கு முதல் தடவை. இருபத்திரண்டு வயது. வீட்டுக்கு ஒரே பையன். புறப்படும்போது என் மாமியார் அந்தோணிமேரி வாசல்வரை வந்தார்.

"உங்கள நம்பித்தான் அனுப்புறேன் மாப்ள. பத்திரமா கூட்டியாந்துடுங்க."

அத்தைக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்காக முத்து ஒரு நேர்த்தி வைத்திருந்தான். மாதா கோவில் வாசலை மிதிக்கும்வரை சோறு தொடுவதில்லை. கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். தூரம் ஓட்டுகிறவன் பசிப்பதற்கு முன்னால் சாப்பிட வேண்டும், தாகம் எடுப்பதற்கு முன்னால் குடிக்க வேண்டும். பசி வந்துவிட்டால் அதன்பிறகு எதைத் தின்றாலும் கால் பேச்சைக் கேட்காது. படித்துப் படித்துச் சொன்னேன். "பன்னு, வாழப்பழம், குளுக்கோஸ் போதும் மாமா" என்றான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

இரவெல்லாம் மிதித்து, மறுநாள் பதினொன்றரை மணிக்கு மரக்காணத்து உப்பளங்களை நெருங்கும்போது என் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. பஞ்சர் ஆனால் குழு நிற்காது. ஆனால் யாரையும் தனியாக விடவும் கூடாது, துணைக்கு ஒருவன் நிற்க வேண்டும். முத்து நின்றான். துணைக்கு என்று பெயர்தான், அவனால் அதற்குமேல் மிதிக்க முடியவில்லை. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

குழுவை நடத்தி வந்தவர் தெய்வசிகாமணி அண்ணன். அவரிடம், "வேனத் திருப்பி அனுப்புங்கண்ணே, பையன ஏத்திடலாம்" என்றேன்.

"அது முன்னாடியே போயி கீழ்புத்துப்பட்டுல அடுப்பு மூட்டியிருக்கும்பா. நேர்ந்துக்கினு வந்தவன் வேன்ல ஏறுவானா? மெதுவா வாங்க."

போய்விட்டார். அந்த மனுஷனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

உச்சி நேரத்தில் உப்பளத்தில் ஆள் இருக்காது. இருட்டோடு வந்து உப்பை வாரிக் குவித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பார்த்த இடமெல்லாம் வெள்ளைப் பாத்திகள். கண்ணைத் திறக்க முடியவில்லை. நிழல் என்று இருந்தது ஒரே இடம்தான். ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே, கீற்று போர்த்திய பெரிய உப்புக் குவியல். அதன் பின்பக்கம், சரிந்து நீட்டிக்கொண்டிருந்த கீற்றுக்கு அடியில் முத்துவைப் படுக்க வைத்தேன். இந்தப் பக்கம் வந்து சைக்கிளைக் கவிழ்த்து டியூபை உருவினேன்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் வேண்டும். குடிக்கிற தண்ணீர் அரை பாட்டில்தான் மிச்சம். பக்கத்துப் பாத்தியில்தான் நிற்கிறதே என்று, டியூபில் காற்றடித்து அதில் முக்கினேன். சாண் ஆழம்கூட இல்லை. அடியில் உப்புத் தரை பளிச்சென்று தெரிந்தது.

குமிழி வந்தது. அந்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு டியூபை வெளியே எடுத்தேன்.

குமிழி நிற்கவில்லை.

ப்ளக்... ப்ளக்... ப்ளக்...

டியூப் என் கையில் இருக்கிறது. குமிழி தண்ணீரில் வருகிறது. நண்டாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவு உப்பில் எந்த நண்டு உயிரோடு இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை. குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீர். அடியில் எதுவும் இல்லை. கொஞ்சம் வரும். நிற்கும். மறுபடி வரும். தூங்குகிறவர் மூச்சு விடுவதைப் போல.

தூங்காத கண்ணும் உச்சி வெயிலும் இப்படியெல்லாம் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டியூபைத் துடைத்து சொல்யூஷன் தடவினேன். மணி பன்னிரண்டு பத்து.

நிமிர்ந்தபோது குமிழிகள் அந்த இடத்தில் இல்லை.

நகர்ந்திருந்தன. பாத்தியின் ஓரமாக, உப்புக் குவியலைப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

கரை வந்ததும் நின்றன.

குவியலுக்குப் பின்னால் முத்துவின் குரல் கேட்டது.

"போதும்க்கா... போதும்..."

யாரோடு பேசுகிறான்?

"டேய் முத்து!"

வேறொரு சத்தம்.

நற... நற... நற...

ஓடினேன்.

சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கீற்று விலகிக் கிடந்தது. இரண்டு கையாலும் உப்பை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். உதடு வெடித்து ரத்தம் வழிந்தது. கையைத் தட்டிவிட்டேன்.

"என்னடா திங்குற!"

"சோறு மாமா. சுடச்சுட இருக்குது."

சிரித்தான். உடனே அழுதான்.

"நேர்ந்திருக்கேன், வேணாம்னுதான் சொன்னேன் மாமா. எல போட்டாச்சு, எழுந்திருக்கக் கூடாதுன்னுட்டாங்க. அந்தக்காவே ஊட்டிவிட்டாங்க."

"எந்த அக்காடா?"

அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

நான் திரும்பவில்லை.

என் பிடரியில் ஏதோ பட்டது.

ஈரமாக... சில்லென்று...

அந்த வெயிலில்.

அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். வாந்தி எடுக்க வைக்கலாம் என்று வாயில் விரலை விட்டேன். பல்லை இறுக்கிக்கொண்டான். என்னிடம் அவன் கடைசியாகப் பேசியது அங்கேதான். "துப்பக் கூடாதாம் மாமா."

மீன் ஏற்றிப்போன ஒரு டெம்போ நின்றது. புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் உப்பு கண்டபடி ஏறி மூளையைத் தாக்கிவிட்டது என்றார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு கைப்பிடி உப்பு தின்னாலே கொமட்டிக்கினு வந்துடும். இவ்வளவு எப்படிங்க உள்ள போச்சு? யாராச்சும் வாயில திணிச்சீங்களா?" என்றார்.

மூன்றாம் நாள் முத்து போய்விட்டான். வேளாங்கண்ணியில் கொடி ஏறிய அதே சாயங்காலம். அத்தை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?" அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தை பிழைத்துக்கொண்டார். பிள்ளை கேட்டதை மாதா கொடுத்துவிட்டாள், குறை சொல்ல முடியாது.

ஒரு மாதம் கழித்து, விட்டுவந்த சைக்கிள்களை எடுக்கப் போனேன். உப்பளத்தில் வேலை செய்யும் அருக்காணி என்கிற அம்மா இரண்டையும் கொட்டகையில் பத்திரமாக வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். குவியலைக் கை காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அங்கயா படுக்க வெச்சீங்க? அந்த உப்ப யாரும் தொடறதில்லீங்க. அப்படியே கெடக்குது."

ஏன் என்று கேட்டேன். சொல்ல மனமில்லாமல்தான் சொன்னார். அதற்கு முந்தைய டிசம்பரில் சுனாமி அடித்தபோது கடல் தண்ணீர் அந்தப் பாத்திகள்வரை ஏறி வந்ததாம். வடிந்தபிறகு, யார் பெற்ற பிள்ளைகள் என்றே தெரியாத சில உடல்கள் அங்கே கிடந்தனவாம். ஐஸ் கிடைக்கவில்லை. யாராவது தேடி வருவார்கள் என்று அந்தக் குவியலில் வைத்து உப்பைப் போட்டு மூடினார்கள். மூன்று நாள் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. எடுத்துப் புதைத்துவிட்டார்கள்.

"அநாதப் பொணமா இருந்தாலும் வாய்க்கரிசி போடாம அனுப்ப மனசு வரலீங்க. ஊரே தண்ணியில கெடந்துச்சு. ஒரு புடி அரிசிக்கு எங்க போறது?"

குவியல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த உப்பையே அள்ளி எல்லார் வாயிலயும் போட்டோம். அதுல ஒரு பொண்ணு, உங்க மச்சான் வயசுதான் இருக்கும். அவளுக்கு நான்தான் போட்டேன். இதையே சோறுன்னு நெனச்சுக்கம்மா, பசியோட போவாதன்னு சொல்லித்தான் போட்டேன்."